ஒன்றரை டன் ஏசியில் அந்த டன் எங்கே இருக்கிறது?

போன கோடையில் ஏசி வாங்கப் போனோம். கடைக்காரர் அறையின் நீள அகலத்தைக் கேட்டார், மேலே மொட்டை மாடியா என்று கேட்டார், "அப்போ ஒன்றரை டன் போட்டுடுங்க சார்" என்று முடித்துவிட்டார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஒன்றரை டன்னை மூணு மாடி எப்படிடா தூக்கிட்டு வருவாங்க, நம்ம வீட்டுல லிஃப்டும் இல்லையே" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். "அப்போ அது என்ன டன்?" என்று அம்மா அடுத்த கேள்வியைப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "கெப்பாசிட்டிம்மா" என்றார் கடைக்காரர். எதனுடைய கெப்பாசிட்டி என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அம்மா நினைத்தது பாதி சரி. அந்த டன் எடைதான். ஏசியின் எடை கிடையாது, ஐஸ் கட்டியின் எடை.

ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் ஒரே சீராக உருகி முடித்தால் சுற்றிலும் இருக்கிற சூட்டை எவ்வளவு இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு சூட்டை அதே நேரத்தில் வெளியே தள்ளுகிற இயந்திரம் ஒரு டன் ஏசி. இது நமது 1000 கிலோ டன்னும் இல்லை. அமெரிக்காவில் புழங்குகிற 2000 பவுண்டு டன், சுமார் 907 கிலோ. ஏசி விவரங்களில் எங்காவது பொடி எழுத்தில் மணிக்கு 12,000 பி.டி.யு. என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள் (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதுவும் இதே ஐஸ் கணக்குதான்: ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பி.டி.யு. வெப்பம் வேண்டும், அதை 2000-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 12,000 வரும்.

ஏன் ஐஸை வைத்து அளந்தார்கள்? மோட்டாருக்குக் குதிரைத்திறன் என்று பெயர் வந்த அதே கதை. புது இயந்திரத்தை விற்கப் போகிறவன், வாங்குகிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். நீர் இறைக்கும் இயந்திரம் வந்த காலத்தில் எல்லோருக்கும் குதிரை தெரியும். குளிர்விக்கும் இயந்திரம் வந்த காலத்தில் அமெரிக்காவில் எல்லோருக்கும் ஐஸ் தெரியும், தெரியும் என்றால் வீட்டு வாசலுக்கு வந்து இறங்குகிற, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குகிற ஒரு தினசரிச் சரக்காகத் தெரியும். அதனால் இந்த டன்னைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒரு சாதாரண அமெரிக்க வீட்டின் சமையலறைக்குள் போய்ப் பார்ப்பதுதான் நல்ல வழி.

அங்கே ஒரு மர அலமாரி இருக்கும். அதன் பெயர் ஐஸ்பெட்டி. (நம் ஊரில் ஐஸ்பெட்டி என்றால் ஒன்று குச்சி ஐஸ்காரர் சைக்கிளின் பின்னால் கட்டியிருப்பது, இல்லையென்றால் துக்க வீட்டில் நடுக்கூடத்தில் வைப்பது. இது இரண்டும் இல்லை.) பெரும்பாலும் ஓக் மரம், பித்தளைக் கைப்பிடி, கனமான கதவு. உள்பக்கம் துத்தநாகத் தகடோ தகரமோ அடித்திருப்பார்கள், பின்னாளில் வெள்ளைப் பீங்கான் பூச்சு வந்தது. வெளி மரத்துக்கும் உள் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மரத்தூள், தக்கை, வைக்கோல் என்று வெளிச்சூட்டைத் தடுக்கிற எதையாவது அடைத்திருப்பார்கள். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது, சத்தமும் கிடையாது. மேல் தட்டில் ஒரு பெரிய ஐஸ் கட்டி, கீழ்த் தட்டுகளில் பால், வெண்ணெய், இறைச்சி, நேற்றைய மீதி. அவ்வளவுதான் மொத்தக் கருவியும்.

ஐஸை ஏன் மேலே வைக்க வேண்டும்? குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். சூடான காற்று மேலே ஏறும். ஐஸைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கீழே வந்து சாமான்களின் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறி ஐஸிடம் போகும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் பெட்டிக்குள் எல்லா இடமும் ஒரே குளிர் கிடையாது, ஐஸுக்கு நேர் கீழேதான் அதிகக் குளிர். பாலும் வெண்ணெயும் அங்கே. மீன், வெங்காயம் மாதிரி வாடை வருகிற சாமான்களைக் காற்று ஐஸிடம் திரும்பப் போகிற வழியில், உயரத்தில் வைக்கச் சொல்வார்கள். அந்த வாடையைச் சுமந்து வரும் ஈரம் ஐஸின் மேல் படிந்து உருகுகிற தண்ணீரோடு போய்விடும், கீழே இருக்கிற பாலைத் தொடாது. எதை எங்கே வைப்பது என்று அந்தக் காலப் பெண்களுக்கு ஒரு வரைபடமே மனப்பாடம். நாம் ஃப்ரிட்ஜில் இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் திணிக்கிறோம்.

இதில் ஒரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐஸ் சீக்கிரம் உருகிவிடக் கூடாது என்று பல வீடுகளில் கட்டியை நியூஸ்பேப்பரிலோ கம்பளியிலோ சுற்றி வைப்பார்கள். சிக்கனம் மாதிரித்தான் தெரியும். ஆனால் ஐஸ் குளிர்விப்பதே உருகுவதால்தான். ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராக மாறும்போது அது உறிஞ்சும் வெப்பம், அதே ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்துக்குச் சமம். இத்தனைக்கும் உருகுகிற நேரம் முழுக்க அதன் வெப்பநிலை ஏறுவதே இல்லை, பூஜ்யத்திலேயே நிற்கிறது. உருகாத ஐஸ் உருகாமல் இருக்கிறது என்றால் அது யாருடைய சூட்டையும் வாங்கவில்லை என்று அர்த்தம். கட்டியைப் பொத்திப் பாதுகாத்தவர்கள் வீட்டில் ஐஸ் அப்படியே இருந்தது, பால் திரிந்தது.

இதைச் சொல்லிக் கொடுக்கவே ஒருவர் இருந்தார், மேரி எங்கிள் பென்னிங்டன் என்ற வேதியியலாளர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்கான பாடங்களை 1892-இல் முடித்தபோது, பெண் என்பதால் பட்டத்துக்குப் பதில் ஒரு தேர்ச்சிச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வருடத்தில் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். பிறகு அமெரிக்க அரசின் உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவர். 1923-இல் ஐஸ் வியாபாரிகளின் தேசியச் சங்கம் வீட்டுக் குளிர்பதனத்துக்கென்று ஒரு பிரிவு தொடங்கியபோது அதை நடத்த இவரைத்தான் கூப்பிட்டார்கள். பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, குழந்தையின் பாலை எங்கே வைப்பது என்றெல்லாம் எளிய நடையில் சிறு பிரசுரங்கள் போட்டார். வியாபாரிகளுக்கு ஐஸ் விற்க வேண்டும், அது அவர்கள் கணக்கு. ஆனால் வெயில் காலத்தில் கெட்ட பாலால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நகரங்களில் இந்தப் பிரசுரங்களுக்கு வேறொரு மதிப்பும் இருந்தது.

உருகிய தண்ணீர் எங்கே போகும்? ஒரு குழாய் வழியாக இறங்கிப் பெட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் சொட்டும். அந்தத் தட்டைத் தினமும் வெளியே இழுத்துக் கொட்ட வேண்டும். மறந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர். இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் தலையில் விழும், அவர்கள்தான் மறப்பார்கள், அவர்கள்தான் திட்டு வாங்குவார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பலகைத் தரையில் துளை போட்டுக் குழாயை நேராக வெளியே விட்டவர்களும் உண்டு.

சரி, ஐஸ் கட்டி வீட்டுக்கு எப்படி வந்தது? ஜன்னலில் ஒரு சதுர அட்டை தொங்கும். அதன் நான்கு பக்கத்திலும் நான்கு எண்கள்: 25, 50, 75, 100. இன்றைக்கு எத்தனை பவுண்டு வேண்டுமோ அந்த எண் மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பி வைத்துவிட வேண்டும். தெருவில் வண்டியில் வருகிற ஐஸ்காரர் அதைப் பார்ப்பார், குத்தூசியால் பெரிய பாளத்தில் கோடு பிடித்துக் குத்துவார், அந்த அளவு கட்டி தனியாக வந்துவிடும். வண்டியின் பின்னால் தொங்கும் தராசில் எடை. தோளில் தோல் விரிப்பு, கையில் பெரிய இரும்பு இடுக்கி, கட்டியைக் கவ்வித் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு படி ஏறுவார். 50 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 23 கிலோ, நம் ஊர் 25 கிலோ அரிசி மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் அரிசி மூட்டை கழுத்தில் சொட்டாது. நியூயார்க்கின் ஐந்து மாடிக் குடியிருப்புகளில் மேல் மாடிக்காரர்களும் ஐஸ் வாங்கினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அதுவும் வீட்டுக்காரி இருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பது கிடையாது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போய், பெட்டியைத் திறந்து, பழைய ஐஸை ஓரமாக ஒதுக்கிப் புதுக் கட்டியை வைத்துவிட்டுப் போவார். (வசதியான வீடுகளில் ஐஸ்பெட்டிக்கு வெளிச்சுவர்ப் பக்கமாகவே ஒரு கதவு வைத்துக் கட்டியிருப்பார்கள், அவர் உள்ளே வர வேண்டியதே இல்லை.) கணவன் வேலைக்குப் போன நேரத்தில் கட்டுமஸ்தான ஓர் ஆள் தினமும் சமையலறைக்குள் வந்து போனால் ஊர் சும்மா இருக்குமா? ஐஸ்காரர் ஜோக் என்று ஒரு தனி வகையே அமெரிக்காவில் ஓடியது. அந்த ஜோக்குகளை இங்கே எழுத முடியாது.

குழந்தைகளுக்கு அவர் வேறு மாதிரி. அவர் மாடிக்குப் போயிருக்கும் நேரத்தில் வண்டியின் பின்னால் ஏறி, குத்தியபோது சிதறிய சில்லுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். சில ஐஸ்காரர்கள் விரட்டுவார்கள், சிலர் தாமே ஒரு சில்லு உடைத்துக் கொடுப்பார்கள். குதிரைக்கு வீடுகள் எல்லாம் பழக்கம், சொல்லாமலே அடுத்த வாசலில் போய் நிற்கும். 1920கள், 30களில் லாரிகள் வந்து குதிரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் கட்டின. குளிர்காலத்தில் யாருக்கு ஐஸ் வேண்டும் என்று கேட்கலாம். வேண்டாம்தான். சாமானை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்தாலே போதும், காசு மிச்சம். அதனால் பல வியாபாரிகள் கடைப் பலகையிலேயே 'நிலக்கரி, ஐஸ்' என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். கோடையில் குளிரை விற்பது, குளிர்காலத்தில் சூட்டை விற்பது, அதே வண்டி, அதே முதுகு.

அந்த முதுகுகளில் ஒன்று நாடு முழுக்கப் பிரபலமானது. இல்லினாய் மாநிலத்தில் வீட்டன் என்ற சிற்றூர், அங்கே கோடை விடுமுறைகளில் ஐஸ் சுமந்த ஹரால்ட் கிரேஞ்ச் என்ற பையன். 'ரெட்' கிரேஞ்ச் என்றால்தான் தெரியும். அவர்கள் ஊர் ஃபுட்பால் விளையாட்டில் (நம் கால்பந்து இல்லை, முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளி ஓடுவது) இல்லினாய் பல்கலைக்கழக அணிக்காக 77-ஆம் எண் சட்டை போட்டு ஆடினார். 1924 அக்டோபர் 18 அன்று மிச்சிகன் அணிக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய முதல் 12 நிமிடங்களில் நான்கு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது) எடுத்தார், முதலாவது எடுத்தவுடனே 95 கஜம் ஓடி. பத்திரிகைகள் அவரை 'பாய்ந்தோடும் பேய்' என்றன, ஊர்க்காரர்கள் 'வீட்டன் ஐஸ்காரர்' என்றார்கள். பெயர் வந்த பிறகும் கோடையில் ஊருக்குப் போய் இடுக்கியைத் தூக்கினார், கால் பலத்துக்கு அதுதான் நல்ல பயிற்சி என்று. தோளில் ஐஸ் கட்டியோடு அவர் நிற்கும் புகைப்படங்கள் இப்போதும் கிடைக்கின்றன. 1925-இல் கல்லூரி ஆட்டம் முடிந்த கையோடு சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தார். காசுக்கு ஃபுட்பால் ஆடுவதைக் கொஞ்சம் மட்டமாகப் பார்த்த காலம் அது. இவர் சேர்ந்ததும் கூட்டம் குவிந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க டிவி முன்னால் உட்கார வைக்கிற தொழிலுக்கு ஒரு முக்கியமான முதல் தள்ளு கொடுத்தவர் ஐஸ் சுமந்த பையன்.

ஐஸ் எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஏரியிலிருந்து, ஆற்றிலிருந்து. வட மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் ஏரி உறைந்து தடிமனானதும் மேலே கிடக்கும் பனியைச் சுரண்டித் தள்ளிவிட்டு, வயலில் பாத்தி கட்டுகிற மாதிரிக் கட்டம் போட்டுக் கோடு கீறி, குதிரை பூட்டிய ஐஸ் கலப்பையால் உழுவார்கள். இது உவமை இல்லை, அதன் பெயரே கலப்பை. நதேனியல் வயத் என்பவர் 1825-இல் கொண்டுவந்த கருவி அது. உழுத கோட்டில் ரம்பம் போட்டுப் பாளங்களாகப் பிளந்து, தண்ணீரில் மிதக்க விட்டே கரைக்குத் தள்ளி வந்து, இரட்டைச் சுவர்க் கிடங்கில் மரத்தூளுக்கு நடுவில் அடுக்கிவிடுவார்கள். ஆகஸ்ட் மாத வெயிலுக்கும் அந்த ஐஸ் இருக்கும். இதை அறுவடை என்றுதான் சொன்னார்கள்.

இந்த அறுவடையைக் கப்பலேற்றி விற்கலாம் என்று முதலில் கிளம்பியவர் பாஸ்டன்காரர் ஃபிரடெரிக் டியூடர். 1806-இல் கரீபியனில் இருக்கும் மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் அனுப்பினார். ஊரே கேலி செய்தது, நஷ்டமும் வந்தது, கடனுக்காகச் சிறைக்கும் போனார், ஆனால் விடவில்லை. 1833-இல் அவர் அனுப்பிய ஒரு கப்பல் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. ஏற்றியது 180 டன், இறங்கியது சுமார் 100 டன். அப்புறம் மெட்ராஸ். சென்னைக்காரர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும்: திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ், 1842-இல் டியூடரின் ஐஸை வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு அதுதான். பின்னாளில் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் கைக்குப் போய், 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கி, இப்போது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டருக்கு மட்டும் இன்னும் அது ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்க ஏரித் தண்ணீர் ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் மரத்தூள் போர்த்திப் படுத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1920, 30களின் வீட்டு ஐஸ்பெட்டிக்கு வந்த கட்டி பெரும்பாலும் ஏரி ஐஸ் இல்லை. ஆறுகளில் சாக்கடை கலந்தது, அதில் வெட்டிய ஐஸைத் தின்ன ஜனங்களுக்குப் பயம் வந்தது. குளிர்காலம் சூடாகப் போன வருடங்களில் அறுவடையே பொய்த்தது. தெற்கு மாநிலங்களுக்கோ முதலிலிருந்தே உறையும் ஏரி கிடையாது. அமோனியா இயந்திரம் வைத்த ஐஸ் ஃபேக்டரிகள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சுத்தமான தண்ணீரை உயரமான தகர டப்பாக்களில் ஊற்றி, பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். 300 பவுண்டு பாளமாக உறைந்து வரும். அதில் 25, 50 என்று கோடு கீறித்தான் வண்டியில் ஏற்றுவது.

இப்படி ஒரு ஊர் முழுக்க ஒரு பண்டத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும்? 1900-இல் நியூயார்க்கில் அது நடந்தது. சார்ல்ஸ் மோர்ஸ் என்பவர் சிறு ஐஸ் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, கோடை தொடங்கும் நேரத்தில் 100 பவுண்டு ஐஸின் விலையை 30 சென்ட்டிலிருந்து 60 சென்ட்டாக்கினார். ஐந்து சென்ட்டுக்குச் சின்னத் துண்டு வாங்கிக் குழந்தையின் பாலைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஏழைகள் வயிற்றில் அடி. பிறகு பார்த்தால் நகர மேயர் ராபர்ட் வான் விக்கிடமே அந்தக் கம்பெனியின் பங்குகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஊர் கொதித்தது, விலை இறங்கியது, அடுத்த தேர்தலில் அவர் கட்சி அவரை நிறுத்தவே இல்லை. வெங்காய விலையால் ஆட்சி போவதைப் பார்த்த நமக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை.

கொண்டாட்டப் பக்கத்துக்கும் வருவோம். ஜூலை 4 சுதந்திர தினத்தன்று அட்டையை 100-க்குத் திருப்பி வைத்திருந்தால் அந்த வீட்டில் ஐஸ்கிரீம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். மர வாளிக்குள் ஒரு தகரக் குவளை, குவளைக்குள் பாலும் க்ரீமும் சர்க்கரையும், வாளியில் உடைத்த ஐஸும் கல்லுப்பும். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போய் உருகும், அந்தக் குளிரில்தான் பால் உறையும். மேலே இருக்கும் கைப்பிடியை ஆள் மாற்றி ஆள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இறுகி வர வர கை கடுக்கும், கடைசியில் பெரியவர்கள்தான் சுற்றுவார்கள். உள்ளே சுழன்ற துடுப்பில் ஒட்டியிருப்பதை யார் நக்குவது என்று சண்டை. இன்னொன்று ஐஸ்பெட்டி கேக், அடுப்பே வேண்டாம்: மெல்லிய பிஸ்கட்டுகளுக்கு இடையில் அடித்த க்ரீமைத் தடவி அடுக்கி ராத்திரி முழுக்கப் பெட்டிக்குள் வைத்தால் பிஸ்கட் ஊறிக் கேக் பதத்துக்கு வந்துவிடும். 1930களின் வெக்கையான கோடையில் அடுப்பு மூட்டாமல் விருந்தாளியைக் கவனிக்க இதைவிட எளிய வழி இல்லை.

வீட்டுக்கு வெளியிலும் ஐஸ்தான் ஜனங்களைச் சேர்த்தது. பெட்ரோல் பங்க் வாசலில் ஐஸ் தண்ணீர்ப் பெட்டிக்குள் சோடா பாட்டில்கள் மிதக்கும், கையை விட்டு எடுத்துத் துடைத்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். நாடகக் கொட்டகைகள் கோடையில் இழுத்து மூடிக்கொண்டிருந்த காலத்தில், சில முதலாளிகள் ஐஸ் அடுக்கி அதன் மேல் காற்றாடி வைத்து அரங்குக்குள் குளிர்காற்றை ஊதிப் பார்த்தார்கள். பிறகு வில்லிஸ் கேரியரின் குளிர்பதன இயந்திரம் 1925 கோடையில் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டருக்கு வந்தது. 'உள்ளே ஜில்லென்று இருக்கும்' என்று பனி வழிகிற எழுத்தில் போர்டு வைத்தார்கள், படம் எதுவானாலும் பரவாயில்லை என்று கூட்டம் ஏறியது. எத்தனை டன் இயந்திரம் என்று அந்தத் தியேட்டர்காரர்கள் பேரம் பேசியபோது, அவர்கள் மனதில் ஓடியது அத்தனை டன் ஐஸ்தான்.

டல்லாஸில் 1927-இல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐஸ் கம்பெனியின் விற்பனை நிலையத்தில் வேலை பார்த்த ஜான் ஜெஃபர்சன் கிரீன், மளிகைக் கடைகள் மூடிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் தன் நிலையம் திறந்திருப்பதையும், கைவசம் ஐஸ் இருப்பதையும் பார்த்து, பால், முட்டை, ரொட்டி என்று நான்கு சாமானை வைத்து விற்க ஆரம்பித்தார். காரை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி மற்ற நிலையங்களிலும் அதையே செய்தது. 1946-இல் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் என்பதைக் காட்ட அந்தக் கடைகளுக்கு வைத்த பெயர் செவன்-இலெவன். 2021-இல் மும்பையில் அந்தப் பெயரில் கடை திறந்தபோது எத்தனை பேருக்குத் தெரியும் அதன் பூர்வீகம் ஒரு ஐஸ் கிடங்கு என்று!

இதற்கு நடுவில் ஃப்ரிட்ஜ் வந்துகொண்டிருந்தது, ஆனால் நாம் நினைக்கிற வேகத்தில் இல்லை. 1920களின் தொடக்கத்தில் ஒரு மின்சார ஃப்ரிட்ஜின் விலைக்கு ஒரு ஃபோர்டு காரே வாங்கலாம். உள்ளே இருந்த வாயுவும் விஷம், கசிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1927-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் விட்ட மாடல்தான் பெரிய அளவில் போனது, தலைமேல் உருண்டையான கம்ப்ரசர். உள்நாட்டுப் போர்க்கால 'மானிட்டர்' போர்க்கப்பலின் பீரங்கிக் கூண்டு மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் மானிட்டர் டாப் என்றே கூப்பிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் ஃப்ரியான் என்ற விஷமில்லாத வாயு வந்து அந்தப் பயம் போனது (அது ஓசோனில் ஓட்டை போட்ட கதை வேறு). ஆனால் ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் வேண்டுமே. 1930களின் நடுவில் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் மின்சாரமே இல்லை. 1935-இல் அரசு கிராம மின்மயத்துக்கென்று தனி அமைப்பு தொடங்கிய பிறகுதான் கம்பி போய்ச் சேர ஆரம்பித்தது, அதுவரை கிணற்றில் கயிறு கட்டி இறக்கிய பால் பாத்திரமும் நிலவறையும்தான். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட ஃப்ரிட்ஜ் இருந்த வீடுகள் சுமார் 44 சதவீதம், கால்வாசிக்கு மேல் இன்னும் ஐஸ்பெட்டி, மிச்சப் பேருக்கு இரண்டும் இல்லை. பணக்கார அமெரிக்கா என்று நாம் ஒரு படம் வைத்திருக்கிறோமே, போருக்கு முன்பு அது பாதி வீடுகளில்கூட இல்லை.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது, அமெரிக்காவும் போரில் இறங்கியது. 1942-இல் வீட்டு ஃப்ரிட்ஜ் தயாரிப்பையே அரசு நிறுத்தியது, உலோகமும் ஃபேக்டரியும் போருக்குப் போய்விட்டன. கெட்டுப்போன ஃப்ரிட்ஜுக்குப் பதில் புதுசு வாங்க முடியாதவர்கள் கொல்லைப்புறத்தில் போட்டிருந்த ஓக் பெட்டியைத் துடைத்து மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். ஐஸ்காரருக்குக் கடைசியாக ஒரு நல்ல காலம். போர் முடிந்து ஃபேக்டரிகள் திரும்பியதும் சில வருடங்களிலேயே அவர் தெருவிலிருந்து காணாமல் போனார். வயசானவர்கள் மட்டும் ரொம்ப நாள் ஃப்ரிட்ஜையே ஐஸ்பெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு இத்தனையும் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். நம் ஒன்றரை டன் ஏசி நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், ஓர் ஆள் 50 பவுண்டு ஐஸ் கட்டியைச் சுமந்துகொண்டு நம் மூன்று மாடியை 60 தடவை ஏறியதற்குச் சமம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்தத் தண்ணியை யார் கொட்டுறது?" என்றார். ஏசியில் ஐஸ் எதுவும் உருகுவதில்லை, பின்பக்கக் குழாயில் சொட்டுவது அறைக் காற்றின் ஈரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பால்கனியில் குழாய்க்கு அடியில் இருந்த வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. காலையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றச் சொல்லியிருந்தார், நான் மறந்திருந்தேன்.